பந்தல்காரனுக்கு எங்க ரூம்ல விழுந்த ஓட்டு

அந்தப் படத்த பாத்தவன் எல்லாம் ரெண்டு கட்சி. 'அவன் சைக்கோடா'ன்றவன் ஒரு கட்சி, 'ஃப்ரெண்டுன்னா அவன்தான்டா'ன்றவன் இன்னொரு கட்சி. நடுவுல நிக்கிறவன நான் இன்னும் பாக்கல. படத்து பேர இங்க போட மாட்டேன். போட்டா அதுக்கும் ரெண்டு கட்சி சண்டைக்கு வரும், எனக்கு அந்தப் பேஜாரு வேணாம். ஆனா எங்க ரூம்ல அந்தப் படம் ஓடின ஞாயித்துக்கிழமைய பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா கை அரிக்குது.

ரூம்னா படப்பைல. மெயின் ரோட்லேர்ந்து உள்ள போனா, ப்ளாட் போட்டு கல்லு நட்டு, எவனும் வூடு கட்டாம முள்ளு மொளச்சி கெடக்கும் பாருங்க, அதுக்கு நடுவுல தனியா ஒரு மாடி வூடு. கீழ வூட்டுக்காரம்மா, மேல நாங்க மூணு பேரு. ரூம்ல யாருக்கும் பேரு கெடையாது, ஊருதான் பேரு. நான் திருத்தணி. இன்னொருத்தன் கோயில்பட்டி, என் வயசு. மூணாவது மேலூர் அண்ணன், எங்கள விட பெரியவரு, கல்யாணம் ஆயி பொண்டாட்டி புள்ளைங்கள ஊர்ல வுட்டுட்டு வந்தவரு. மூணு பேருக்கும் ஒரகடத்துல ஒரே கம்பெனி. கார் கதவுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் இருக்கும்ல, அத மாட்டுற லைன். கோயில்பட்டி கிளிப் சொருவுவான், அடுத்து நான் ஸ்க்ரூ முடுக்குவேன். ஆமா, பி.ஈ. மெக்கானிக்கல் முடிச்சிட்டுதான் ஸ்க்ரூ முடுக்கினேன். சிரிக்காதீங்க, எனக்கு அடுத்து தொடச்சி வெச்சவன் எம்.எஸ்சி.

இந்த கோயில்பட்டி இருக்கானே, அவன் என் மேல வெச்சிருந்த பாசத்த இன்னா சொல்றதுன்னு அப்ப எனக்கு தெரியல. கம்பெனி பஸ்ல எனக்கு முன்னாடி ஏறி ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு வெப்பான். எனக்கு ஜுரம் வந்தா அவனும் லீவு போடுவான். நான் நீல கலர் ஷூ வாங்கினா அடுத்த சம்பளத்துல அவன் காலுலயும் அது ஏறும். எனக்கு ஓ.டி. இருந்து அவனுக்கு இல்லன்னா, ரூமுக்கு போயி படுக்க மாட்டான். கேட்டுக்கு வெளிய பைக் ஸ்டாண்டுல குந்திக்கினு இருப்பான். ஒரு நாள் செக்யூரிட்டி கேட்டாராம், "யாருக்குப்பா வெயிட் பண்ற, வூட்டுக்காரியா?"ன்னு. இவன் சீரியஸா, "இல்லண்ணே, திருத்தணிக்கு"ன்னு சொல்லியிருக்கான்.

எல்லாத்துக்கும் மேல மியூச்சுவல். எங்க லைன்ல ரெண்டு குரூப்பு. ஒரு குரூப் ஒரு வாரம் ஏ ஷிஃப்ட்டு, அதாவது காலைல போயி மத்தியானம் வர்றது. அதே வாரம் இன்னொரு குரூப் மத்தியானத்துக்கு மேல பி ஷிஃப்ட்டு. அடுத்த வாரம் அப்டியே தலகீழ். நானும் அவனும் வேற வேற குரூப்பு. கணக்குப்படி நாங்க ஞாயித்துக்கிழம தவிர மூஞ்சியே பாத்துக்கக் கூடாது. ஆனா அதுக்கு ஒரு வழி கீது. அடுத்த குரூப்ல ஒருத்தன புடிச்சி, 'இந்த வாரம் நீ என் எடத்துக்கு வா, நான் உன் எடத்துக்கு போறேன்'னு பேசி முடிச்சி, சனிக்கிழமைக்குள்ள சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டா மாத்தி வுட்ருவாரு. அதுதான் மியூச்சுவல். ஊருக்கு போறவன், வூட்ல விசேஷம் வெச்சிருக்கறவன் எப்பனா ஒரு தடவ கேப்பான். நிரந்தரமா மாத்தித் தர மாட்டாங்க. இவன் வாரா வாரம் கேட்டான். வாரா வாரம் ஒருத்தன் கால்ல வுழுந்து, கேன்டீன்ல வட வாங்கிக் குடுத்து, என் ஷிஃப்ட்டுக்கு வந்து நிப்பான். சூப்பர்வைசரு பக்கத்து ஊர்க்காரரு, வாய் தொறந்தா கலாய்தான். "இன்னா நைனா, இந்த வாரமும் திருத்தணி கூடத்தானா? பேசாம வெத்தல பாக்கு மாத்திடலாமா?"ன்னுவாரு. இவன் பல்ல காட்டுவான்.

எனக்கு அது பழகிப் போச்சு. காத்து அடிக்குதுன்னு யாரும் டெய்லி யோசிக்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரி.

இப்ப அந்த ஞாயித்துக்கிழம. மேலூர் அண்ணன் கறிக்கொழம்பு வெச்சாரு. தின்னுட்டு மூணு பேரும் பாய்ல சாஞ்சோம். ஃபோன தண்ணி கேன்ல சாச்சி வெச்சி அந்தப் படத்த போட்டேன், காமெடி படம்னு நெனச்சி. கத இதான்: ஒரு சின்ன ஊர்ல ரெண்டு ஃப்ரெண்டு, ரெண்டு பேரும் சேந்து பந்தல் போட்டு மைக் செட்டு கட்டுற தொழிலு. ஒருத்தனுக்கு துபாய்ல வேல கெடைக்கிது. இன்னொருத்தன் அவன் பாஸ்போர்ட்ட தூக்கி அரிசி டின்னுல ஒளிச்சி வெச்சிட்டு, கூடவே சேந்து ஊரெல்லாம் தேடுறான். அவனுக்கு பொண்ணு பாத்தா இவன் குரல மாத்தி பொண்ணு வூட்டுக்கு ஃபோன் போட்டு, மாப்ளைக்கு வலிப்புன்றான். கடைசில உண்மை தெரிஞ்சி அவன் இவன தொரத்தினு வர்றப்ப, இவங்களே கட்டின பந்தல் மேலேர்ந்து வுழுந்து செத்துடுறான். சாவுக்கு பந்தல் யாரு போடணும்? இவன்தான் போடுறான். ஃப்ரீசர் பாக்ஸுக்கு பக்கத்துல நின்னு, "ஹலோ மைக் டெஸ்ட்டிங்... சவுண்டு போதுமா மச்சான்?"னு பொணத்த கேக்குறான்.

அந்த எடத்துல எனக்கு சிரிப்பு தாங்கல. மேலூர் அண்ணன் பாய்ல பொரண்டாரு. மோட்டாரு போடுறேன்னு சொல்ல மேல வந்த வூட்டுக்காரம்மா, வாசப்படியிலயே நின்னு பாதிப் படம் பாத்துட்டாங்க. முந்தானைய வாயில வெச்சிக்கினு அவங்களும் சிரிச்சாங்க. கோயில்பட்டி மட்டும் சிரிக்கல. முட்டிய கட்டிக்கினு ஸ்க்ரீனயே பாத்துக்கினு இருந்தான்.

படம் முடிஞ்சதும் பட்டிமன்றம் ஆரம்பிச்சிச்சு.

"செத்தவன்தேன் லூசு," அண்ணன் தீர்ப்பு சொன்னாரு. "பாஸ்போர்ட்டு காணமுன்னா போலீசுல எழுதிக் குடுக்கணும்ல? அத விட்டுப்புட்டு, அந்த டின்னு அரிசியவே தெனம் பொங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கான் பாரு."

"காலாகாலத்துல அந்தப் பந்தக்கார புள்ளைக்கு ஒரு கல்யாணத்த பண்ணி வெச்சிருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா?" இது வூட்டுக்காரம்மா. "பெத்தவங்கள சொல்லணும். சரி, மோட்டாரு போடுறேன், தண்ணி புடிச்சிக்கங்க."

"படம் மாஸ். ஆனா செகண்ட் ஹாஃப் ஜவ்வு, எடிட்டரு தூங்கிட்டான்"னு நான் என் படிப்புக்கு ஏத்த மாதிரி பீட்டர் வுட்டேன்.

அண்ணன் திரும்பி, "கோயில்பட்டி, நீ சொல்லுப்பா"ன்னாரு.

அவன் கட்டின முட்டிய வுடாம, படம் முடிஞ்ச ஃபோனயே பாத்தான். அப்பறம், "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அவன் என்னல தப்பு பண்ணிட்டான்? கூடவே இருக்கணும்னுதான நெனச்சான்?"னான்.

அடுத்த செகண்டு அண்ணன் வெடிச்சாரு. "அடேய்ய்! நம்ம ரூம்லயே ஒரு பந்தக்காரன வெச்சிக்கிட்டா ஃபோன்ல படம் பாத்தோம்? திருத்தணி, ஒன் பாஸ்போர்ட்டு பத்திரம்டா!"

"நான் இன்னும் எடுக்கவே இல்லண்ணே."

"அதையும் இவன்தேன் தடுத்திருப்பான்!"

வூட்டுக்காரம்மா மாடிப்படி எறங்கிக்கினே சிரிக்கிறது கேட்டுச்சு. நானும் சிரிச்சேன். கோயில்பட்டியும் சிரிச்சான். கொடத்த தூக்கினு தண்ணி புடிக்கப் போனான். அதோட முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன்.

எங்க முடிஞ்சிச்சு? அண்ணன் வாய்ல ஒரு ஜோக்கு தங்காது. மறுநாள் கம்பெனி பஸ் ஒரகடம் போறதுக்குள்ள மொத்த பஸ்ஸுக்கும் கத தெரிஞ்சிச்சு. அன்னிலேர்ந்து அவனுக்கு கோயில்பட்டின்ற பேரு போச்சு, 'பந்தல்' வந்துச்சு. நான் பஸ் ஏறினா பின் சீட்லேர்ந்து எவனாவது, "ஹலோ மைக் டெஸ்ட்டிங்"ம்பான். அவன் போட்டு வெச்ச துண்ட எடுத்து, "பந்தலுக்கு துணி போட்டாச்சு, எப்ப பொணம் வரும்?"ம்பான். லைன்ல நான் தண்ணி குடிக்க நவுந்தா போதும், "டேய் பந்தல், உன் ஆளு போறான், கூட போலயா?" அந்தப் படத்த பாக்காதவன்லாம் இதுக்காகவே டவுன்லோடு பண்ணி பாத்தான். கேன்டீன்ல தட்டு தட்டா விமர்சனம். சாம்பாரு ஊத்துற அக்கா கூட, "நீதான் அந்தப் பந்தலா?"ன்னு கேட்டுட்டு அவனுக்கு ஒரு கரண்டி கூட ஊத்தினாங்க.

எல்லாத்துக்கும் அவன் பல்ல காட்டினான். நான் ரெண்டு மூணு பேர வாயடைச்சேன், ஒருத்தன் சட்டைய கூட புடிச்சேன். அதுக்கும் ஒருத்தன், "பாத்தியா, செத்தவன் எழுந்து சண்டைக்கு வரான்"ன்னான். அதுக்கு மேல இன்னா பண்றது?

அந்த சனிக்கிழம அவன் யார் கால்லயும் வுழல. ஞாயித்துக்கிழம துணி காயப் போட்டுக்கினே, கொடியப் பாத்து சொன்னான், "நான் இனிமே என் குரூப்புலயே போறேன்ல. சூப்பர்வைசரு ஏசுதாரு."

சூப்பர்வைசரு யாரையும் ஏசினதே கெடையாது. ரெண்டு பேருக்கும் அது தெரியும். "சரிடா"ன்னேன்.

அப்பறம் வந்த வாரங்கதான் மேட்டரு. ஒரே ரூம்ல இருந்தோம், ஆனா அவன் வர்றப்ப நான் தூக்கம், நான் கெளம்புறப்ப அவன் தூக்கம். பேச்சுன்னு பாத்தா, "சோறு இருக்கு", "கேஸ் தீந்துட்டு", அவ்ளோதான். பஸ்ல எனக்கு சீட்டு இல்ல, படப்பைலேர்ந்து ஒரகடம் வரைக்கும் கம்பிய புடிச்சி தொங்கிக்கினு போனேன். லைன்ல என் பக்கத்துல புதுசா ஒருத்தன் கிளிப் சொருவினான். நல்ல பையன், வேகமா சொருவுவான், ஒரு வார்த்த பேச மாட்டான். கோயில்பட்டி அப்டி இல்ல. ஒவ்வொரு கதவு வர்றப்பவும் அது யாரு வூட்டுக்கு போவுதுன்னு ஒரு கத வுடுவான். "இது ஒரு டாக்டரு காரு. பின்னாடி சீட்டுல மாமியா இருக்காவ, கண்ணாடிய எறக்கிவிடுன்னு ஏசிக்கிட்டே வாராவ." ஷிஃப்ட்டு முடியிறதுக்குள்ள பாதி சென்னைய ஓட்டி முடிச்சிடுவோம். இப்ப கதவு வந்துச்சு, ஸ்க்ரூ முடுக்கினேன், கதவு போச்சு. ஒரு ஷிஃப்ட்டு இவ்ளோ நீளம்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சிச்சு.

பஸ்ல தொங்கிக்கினு வர்றப்ப அந்தப் படத்துக்கு ஜனங்க போட்ட கமெண்ட்ட படிப்பேன். டைம்பாஸ்தான். ஒருத்தன் 'பந்தல்காரனுக்கு விருது குடுங்க'ன்றான். ஒருத்தன் 'குடும்பத்தோட பாக்காதீங்க, என் மச்சான் சந்தேகமா பாக்குறான்'றான். ஒருத்தி 'இதே மாதிரி ஒருத்தி எனக்கு ஹாஸ்டல்ல இருந்தா, என் நிச்சயத்தையே நிறுத்தப் பாத்தா'ன்னு பத்தி பத்தியா எழுதியிருந்தா. எல்லாம் ஸ்க்ரோல் பண்ணி கீழ போனா, லைக்கே வுழாத ஒரு கமெண்ட்டு: 'எனக்கும் இப்படி ஒருத்தன் இருந்தான். ரொம்ப தொல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இப்ப யாரும் தொல்லை பண்றது இல்ல. பாதியில ஆஃப் பண்ணிட்டேன்.'

ஸ்டாப்பிங் வந்ததும் எறங்காம நின்னுக்கினு இருந்தேன். டிரைவரு, "யப்பா, எறங்கு, நான் டீசல் போடப் போணும்"ன்னு கத்தினாரு.

அந்த சனிக்கிழம நான் வாழ்க்கைல மொத மொறையா மியூச்சுவல் கேக்கப் போனேன். அடுத்த வாரம் எனக்கு ஏ, அவனுக்கு பி. அவன் குரூப்ல ஒருத்தன புடிச்சி, வட வாங்கிக் குடுத்து, ஒத்துக்க வெச்சி, சூப்பர்வைசர் கிட்ட போயி நின்னேன். அவரு என்ன மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"நீ இன்னாடா கேக்குற? கேக்குறவன் அவனாச்சே!"

"ஒரு வேல கீது சார்."

"இன்னா வேல?"

"சும்மா சார்."

சிரிப்ப அடக்கினு, "சரி, போட்டு வுடுறேன் போ"ன்னாரு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்ப புரியல.

அவன் கிட்ட சொல்லல. திங்கக்கிழம மத்தியானம் அவன் பஸ்ஸுக்கு கெளம்புறப்ப நானும் பைய மாட்டிக்கினு பக்கத்துல நிக்கணும், அவன் மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கணும்னு பிளான். ஞாயித்துக்கிழம ஃபுல்லா வாய மூடிக்கினு இருந்தேன். அவனும் அன்னிக்கி என்னவோ சொல்ல வந்து சொல்ல வந்து நிறுத்தினான். நான் கண்டுக்கல.

திங்கக்கிழம விடிகாலைல யாரோ என் கால புடிச்சி உலுக்குறாங்க. கண்ண தொறந்தா கோயில்பட்டி. குளிச்சி, யூனிஃபார்ம் போட்டு, விபூதி பூசி, நீல ஷூ மாட்டி ரெடியா நிக்கிறான். மூஞ்சி ஃபுல்லா சிரிப்பு.

"ஏல, எந்திரி. பஸ்ஸு போயிரும்."

"இன்னாடா? எங்க போற?"

"ஏ ஷிஃப்ட்டுக்குல. உன் கூட. சனிக்கிழம மியூச்சுவல் போட்டேன், உன்ட்ட சொல்லல. சரி, எந்திரி, பல்ல வெளக்கு."

நான் பாய்லயே எழுந்து குந்தினேன். "மச்சான்."

"என்ன?"

"நான் பி ஷிஃப்ட்டுடா."

"நீ ஏ ஷிஃப்ட்டுல்லா?"

"மாத்திட்டேன். உன் கூட வரலாம்னு."

அவன் சிரிப்பு மூஞ்சிலயே நின்னு போச்சு. ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கினு இருந்தோம். மூலைல போத்திக்கினு கெடந்த போர்வைக்குள்ளேர்ந்து மொதல்ல ஒரு இருமல் மாதிரி சத்தம் வந்துச்சு. அப்பறம் போர்வையே ஆட ஆரம்பிச்சிச்சு. மேலூர் அண்ணன் எழுந்து ஒக்காந்து, கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. "டேய்... டேய், ஒருத்தன் இல்லடா, ரெண்டு பேருமே பந்தக்காரய்ங்கடா! தெரியாம ஒருத்தனுக்கு மட்டும் பேரு வச்சிட்டமேடா!"

கீழ ரோட்ல பஸ் ஹாரன் அடிச்சிச்சு. கோயில்பட்டி பைய தூக்கினான், வாசல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான், "உனக்கு அறிவு இருக்கால?"ன்னு என் மண்டைல ஒண்ணு வெச்சிட்டு ஓடினான். மண்ட வலிச்சிச்சு. எவ்ளோ நாளுக்கு அப்பறம் அவன் கை என் மேல பட்டுச்சுன்னு நெனச்சி, அப்டியே படுத்து சிரிச்சிக்கினு இருந்தேன்.

மத்தியானம் ஷிஃப்ட்டு மாறுறப்ப அவன் வெளிய வரான், நான் உள்ள போறேன். கேட்டுல சூப்பர்வைசரு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. "ரெண்டு பேரும் தனித் தனியா வந்து கேட்டீங்க, தனித் தனியா குடுத்தேன். நடுவுல பூந்து சொல்றதுக்கு நான் இன்னா தரகரா?"ன்னாரு. திரும்ப மாத்த முடியாதாம், லிஸ்ட் மேல போயிடுச்சாம். அந்த வாரம் ஃபுல்லா அப்டியே போச்சு. ஆனா இந்தத் தடவ அவன் ஆக்கி வெச்ச சோத்து மேல தட்டு மூடியிருந்துச்சு, தட்டு மேல ஒரு ஊறுகா பாக்கெட்டு இருந்துச்சு.

ஞாயித்துக்கிழம அண்ணன் ஊருக்கு போயிருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் மொட்ட மாடில தொட்டி நெழல்ல ஒக்காந்து கடல தின்னுக்கினு இருந்தோம். அவனே ஆரம்பிச்சான்.

"அந்தப் படத்துல அவன் செஞ்சது தப்புதான்ல. யோசிச்சுப் பாத்தேன்."

"இன்னா தப்பு?"

"அவன் கேக்கவே இல்லலா? போகாத, கூட இருன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டானா? டின்னுல ஒளிச்சான், ஃபோன் போட்டான், எல்லாம் பண்ணுனான். கேக்க மட்டும் செய்யல." ஒரு கடலைய ஒடச்சி தோல ஊதினான். "அதான் நான் கேக்கேன். நான் உன் ஷிஃப்ட்டுக்கு வாரது உனக்கு தொல்லையால? தொல்லைன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஒண்ணும் நெனைக்க மாட்டேன்றவன் கண்ணு என் மூஞ்சிய வுட்டு நவுரல. நான் ஒரு ஜோக்கு அடிச்சி தப்பிச்சிருக்கலாம், நாக்கு வரைக்கும் வந்துச்சு. "தொல்லதான். வா"ன்னேன்.

"எது? தொல்லைன்னும் சொல்லுத, வான்னும் சொல்லுத?"

"ரெண்டும்தான்டா. வா."

அதுக்கப்பறம் ஒரு வாரம் அவன் கேப்பான், ஒரு வாரம் நான் கேப்பேன். யாரு முறைன்னு மொதல்லயே பேசி வெச்சிக்குவோம், எதுக்கு இன்னொரு வம்பு. பஸ்ல பந்தல்னு கூப்டாங்கன்னா ரெண்டு பேரும் "என்னா?"ன்னு திரும்புவோம். ரெண்டு பேரு திரும்புற பேருல கலாய்க்கிறவனுக்கு சொகம் இல்ல போல. கொஞ்ச நாள்ல அந்தப் பேரு தானா செத்துச்சு.

அந்தக் காலம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னா, 'இன்னாடா, கெழவன் மாதிரி பேசுற'ம்பீங்க. ரெண்டு வருஷம் கூட ஆவல. ஆனா கார் கதவு ஒண்ணொண்ணுக்கும் ஒரு மாமியாவ ஏத்தி அனுப்பின அந்த ஷிஃப்ட்டுங்க மாதிரி எனக்கு இன்னும் ஒரு நாள் அமையல.

அவன் போயிட்டான். ட்ரெயினிங் காலம் முடிஞ்சிச்சு, தூத்துக்குடி பக்கம் ஒரு கம்பெனில பெர்மனென்ட்டு, வூட்லேர்ந்து போயி வரலாம். வேணாம்னு சொல்ற வேல இல்ல. செங்கல்பட்டுல எக்ஸ்பிரஸ் புடிக்கணும்னு சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோல ஒண்ணா போனோம், அவன் பெட்டி என் மடில. பிளாட்ஃபாரத்துல லோக்கல் ட்ரெயின் தூரத்துல தெரியிறப்ப நான் கேட்டேன். நெஜமாவே கேட்டேன். "போவாதடா."

அவன் என்ன பாத்தான். பதில் சொல்றதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. "பெட்டியக் குடுல, கூட்டம் ஏறுது"ன்னான். ஏறினான். வாசல்ல நின்னு கைய ஆட்டல, என்னயே பாத்துக்கினு போனான். கேட்டா நின்னுடுவாங்கன்னு ஒண்ணும் இல்ல. ஆனா கேட்டுட்டேன்.

இப்பவும் வாரத்துக்கு ஒரு தடவ ஃபோன் போடுவான். போன வாரம் பேசுறப்ப அங்க புதுசா ஒரு ஃப்ரெண்டு கெடச்சிருக்கான்னான். பக்கத்து மெஷினாம். ஒரே டீய ரெண்டா ஆத்தி குடிக்கிறாங்களாம். இவன் பேசப் பேச எனக்கு காது சூடாவுது.

"எந்த ஷிஃப்ட்டுடா அவன்?"

"என் ஷிஃப்ட்டுதான்."

"ரெண்டு பேரும் ஒரே குரூப்பா, இல்ல மாத்திக்கினு வர்றானா?"

"மாத்திக்கிட்டுத்தான் வாரான்." அந்தப் பக்கம் சிரிப்ப அடக்குறது கேக்குது. "ஏன் கேக்க?"

"சும்மா." அப்பறம் மனசு கேக்கல. "மச்சான், அவன் நல்லவனா?"

"எவன்ல?"

"அதான்டா. அவன்."

அவன் சிரிக்க ஆரம்பிச்சான். நிறுத்தவே இல்ல.